இரண்டு த்ரெட், ஒரு மாறி

சி, ஜாவா, ஃபோர்ட்ரான் போன்ற கட்டளை மொழிகளில் நிரல் என்பதே மாறியில் (மதிப்பை வைக்கும் பெயரிட்ட இடம்) இருப்பதை அழித்து அழித்து எழுதுவதுதான். ஒரே த்ரெட்டாக (நிரலுக்குள் வரிசையாக ஓடும் ஒரு தனி வேலை) ஓடும்வரை தொந்தரவில்லை. பல த்ரெட்களாக்கி, ப்ராசஸரின் பல கோர்களில் (தனித்தனியாகக் கணக்குப் போடும் பகுதிகள்) ஓட்டினால் வில்லங்கம் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

'எண்ணிக்கை = எண்ணிக்கை + 1' என்ற வரியை எடுத்துக்கொள்ளுங்கள். ப்ராசஸருக்கு இது மூன்று வேலை: படி, கூட்டு, திரும்ப எழுது. மதிப்பு 7 ஆக இருக்கும்போது இரண்டு த்ரெட்களும் படித்துவிட்டால், இரண்டுமே 8 என்று எழுதும், 9 வராது. ஆளுக்கு ஒரு லட்சம் முறை கூட்டச் சொன்னால் விடை பெரும்பாலும் 2 லட்சத்துக்குக் குறையும், அதுவும் ஓட்டத்துக்கு ஓட்டம் வேறாக. கண்டுபிடிக்கலாமென்று நடுவில் ஒரு பிரிண்ட் போட்டால், வேகம் மாறி பிழையே ஒளிந்துகொள்ளும். டேட்டா ரேஸ் என்பது இதைத்தான்.

லாக் போடலாம்: அதைப் பிடித்த த்ரெட் மட்டும் மாறியைத் தொடும், மற்றவை காத்திருக்கும். ஆனால் சி மொழியில் எந்த லாக் எந்த மாறிக்குக் காவல் என்பது எழுதியவர் மனதிலும் கமென்ட்டிலும்தான் இருக்கும், கம்பைலருக்கு (நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் மென்பொருள்) தெரியாது. ஓரிடத்தில் மறந்தால் போச்சு. த்ரெட்டை மொழியில் சேர்க்காமல் வெறும் லைப்ரரியாக ஒட்டவைத்ததும் சரிப்படவில்லை. த்ரெட்டைப் பற்றி அறியாத கம்பைலர், வேகத்துக்காக வரிகளை இடம் மாற்றும், மாறியை ரெஜிஸ்டரிலேயே (மற்ற கோர்கள் பார்க்க முடியாத, கோருக்குள் உள்ள சிறு நினைவிடம்) வைத்துக்கொள்ளும். சி, சி++ தரங்களில் நினைவக விதிகள் 2011-இல்தான் சேர்ந்தன. அவற்றின்படி, சாதாரண மாறியில் டேட்டா ரேஸ் இருந்தால் நிரல் எப்படி நடக்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் கிடையாது.

இத்தனைக்கும் இணையாக ஓட்டுவதற்கென்றே வடிவமைத்த டிரான்ஸ்ப்யூட்டர் சில்லுகளுக்காக இன்மாஸ் நிறுவனம் 1983-லேயே கொண்டுவந்த 'ஆக்கம்' மொழியில் (தத்துவஞானி வில்லியம் ஆஃப் ஆக்கமின் பெயர்) விதி தெளிவாக இருந்தது: இணையாக ஓடும் ஒரு கிளை எழுதும் மாறியை மற்றக் கிளைகள் தொடக்கூடாது, தகவல் வேண்டுமா, சேனல் (கிளைகளுக்கிடையே தகவல் அனுப்பும் குழாய்) வழியே வாங்கு. 2015-இல் 1.0 பதிப்பு வந்த ரஸ்ட் மொழி வேறு வழியாக அதே ஊருக்குத்தான் போகிறது. பலர் படிக்கலாம், இல்லையேல் ஒருவர் மட்டும் எழுதலாம். மதிப்பே லாக்குக்குள் உட்கார்ந்திருக்கும். லாக்கைப் பிடிக்காமல் அதைத் தொட வழியில்லை, மீறினால் கம்பைல் ஆகாது. ஆனால் டெட்லாக்கை (ஒன்று பிடித்த லாக்குக்காக மற்றொன்று காத்து, இரண்டும் நின்றுபோவது) ரஸ்டும் தடுக்காது.

அறிவியல் கணக்குகளுக்கு ஓப்பன்எம்பியின் (சி, ஃபோர்ட்ரான் நிரல்களை இணையாக ஓட்ட உதவும் முறை) 'ரிடக்‌ஷன்' போதும்: த்ரெட்டுக்கு ஒரு தனிக் கூட்டுத்தொகை, கடைசியில் எல்லாம் ஒன்றுசேரும். ரேஸ் இல்லை. ஆனால் 64 பிட் ஃப்ளோட்டிங் பாயிண்ட்டில் (தசம எண்களைக் குறிப்பிட்ட இலக்கங்கள் வரை மட்டும் வைக்கும் முறை) 10¹⁶ உடன் 1-ஐக் கூட்டி, பிறகு 10¹⁶-ஐக் கழித்தால் 0. முதலில் கழித்துவிட்டு 1-ஐக் கூட்டினால் 1. கூட்டும் வரிசை மாறினால் விடை மாறும் என்பதால், த்ரெட் எண்ணிக்கையை 4-இலிருந்து 8 ஆக்கினாலே கடைசி இலக்கங்கள் நகரலாம். சோதனையில் இரண்டு விடைகளும் அப்படியே சமமா என்று பார்க்காமல், வித்தியாசத்துக்கு ஒரு வரம்பு வைத்துப் பாருங்கள்.