டிவி விவாதத்தில் வெறுப்புப் பேச்சு: ஏழாம் நாளைத் தாண்ட விடாதீர்கள்

"இந்தக் கட்சி ஆளையெல்லாம் எதற்கு டிவியில் உட்கார வைக்கிறீர்கள்?" இப்படித் தொடங்கும் புகார்க் கடிதங்கள் நிறைய என் கையில் வந்திருக்கின்றன. எழுதியவர்களின் கோபத்தில் தப்பே இல்லை. ராத்திரி விவாதத்தில் ஒருவர் ஒரு சமூகத்தையே கேவலமாகப் பேசுகிறார், நெறியாளர் சிரித்துக்கொண்டே இடைவேளை விடுகிறார். பார்த்துக்கொண்டிருப்பவருக்கு வயிறு எரியாதா? ஆனாலும் அந்தக் கடிதங்கள் முதல் படியிலேயே செத்துப்போயின.

காரணம் எளிது. தேர்தலில் நிற்கும் ஒரு கட்சியை, அதன் கொள்கை பிடிக்கவில்லை என்பதற்காக டிவியில் வராதே என்று சொல்லும் சட்டம் நம் நாட்டில் இல்லை. தடை செய்யப்பட்ட அமைப்பைச் சேர்ந்தவர்கள், பயங்கரவாதம் போன்ற கொடுங்குற்ற வழக்கு உள்ளவர்கள், இவர்களுக்கு மேடை கொடுக்காதீர்கள் என்று 2023 செப்டம்பர் 21 அன்று தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் சேனல்களுக்கு ஓர் அறிவுரை அனுப்பியது. அவ்வளவுதான். மற்றபடி யார் வந்தார் என்று எழுதினால் குப்பைக்கூடை. என்ன சொன்னார் என்று எழுதினால்தான் அது புகார்.

அதற்கான சட்ட வாசல் 1994ஆம் ஆண்டு கேபிள் டிவி விதிகளின் 6வது விதி. மதங்களையோ சமூகங்களையோ தாக்கும் பேச்சு, வகுப்புவாத மனப்பான்மையை வளர்க்கும் பேச்சு, வன்முறையைத் தூண்டும் பேச்சு, இவை ஒளிபரப்பாகக் கூடாது. கடிதத்தில் இந்த விதி எண் இருக்க வேண்டும். "மனம் புண்பட்டது" என்று மட்டும் எழுதினால், "கருத்துச் சுதந்திரம்" என்று ஒரு வரியில் பதில் வரும்.

இனி நாள் கணக்கு. பெரும்பாலானோர் விழுவது இந்தக் குழியில்தான். 2021 ஜூனில் வந்த திருத்த விதிகளின்படி முதலில் சேனலுக்குத்தான் புகார் போக வேண்டும். 24 மணி நேரத்தில் ஒப்புகை தர வேண்டும், 15 நாளில் பதில் சொல்ல வேண்டும். இதைப் படித்துவிட்டு ஆற அமர எழுதலாம் என்று நினைக்காதீர்கள். செய்தி சேனல்களின் சங்கம் அமைத்த தர ஆணையம் (என்.பி.டி.எஸ்.ஏ.) தனக்கென்று ஒரு கணக்கு வைத்திருக்கிறது. நிகழ்ச்சி ஒளிபரப்பான 7 நாளுக்குள் சேனலுக்கு எழுதியிருக்க வேண்டும். 7 வேலை நாளில் சேனல் பதில் தராவிட்டாலோ, தந்த பதில் திருப்தி இல்லாவிட்டாலோ, அடுத்த 14 நாளுக்குள் ஆணையத்துக்குப் போக வேண்டும். எட்டாம் நாள் எழுதியவரிடம் "தாமதம்" என்ற ஒற்றைச் சொல்லோடு கதவைச் சாத்தலாம். இரண்டு விதிப் புத்தகம், இரண்டு கெடு! குறைந்த கெடுவையே உங்கள் கெடுவாக வைத்துக்கொள்ளுங்கள்.

சேனலின் பொது மின்னஞ்சலுக்கு அனுப்பிவிட்டுக் காத்திருப்பது அடுத்த தப்பு. குறைதீர் அலுவலர் யார் என்பது சேனலின் இணையதளத்தில் இருக்க வேண்டும். பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் இருக்கும், தேடுங்கள். வாட்ஸாப்பில் நெறியாளருக்கே அனுப்பினேன் என்றார் ஒருவர். அது புகார் கணக்கில் சேராது. சமூக ஊடகத்தில் திட்டியதும் சேராது.

ஆதாரத்தைப் பதிவு செய்து வையுங்கள். ஒளிபரப்பின் பதிவைச் சேனல் 90 நாள்தான் வைத்திருக்க வேண்டும். அதன் பிறகு "எங்களிடம் இல்லை" என்றால் அது சட்டப்படி சரியான பதில். யூட்யூபில் இருக்கிறதே என்று நம்பாதீர்கள், புகார் போனதும் சர்ச்சையான பகுதி வெட்டப்படலாம். இன்னொன்று, யூட்யூபில் மட்டும் வந்த பேட்டிக்குக் கேபிள் டிவி விதி பொருந்தாது. அது வேறு பாதை.

எல்லாச் சேனலும் என்.பி.டி.எஸ்.ஏ.வுக்குக் கட்டுப்பட்டதல்ல. உறுப்பினராக இல்லாத சேனல் மீது அங்கே புகார் கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருந்தவர்கள் உண்டு. உறுப்பினர் பட்டியலை முதல் நாளே பாருங்கள். அந்தச் சேனல் இதுபோன்ற எந்த அமைப்பிலும் சேராததாக இருந்தால் அமைச்சகத்துக்கு எழுதுவதுதான் மிச்சம். அதே விஷயத்தில் நீதிமன்றத்தில் வழக்கு எதுவும் நிலுவையில் இல்லை என்று ஆணையத்தில் உறுதிமொழியும் கேட்பார்கள். ஆத்திரத்தில் முதலில் வழக்குப் போட்டால் இந்தப் பாதை அடைபடும்.

இவ்வளவு பாடுபட்டால் என்ன கிடைக்கும்? 2023இல் உச்ச வரம்பு 1 லட்சம் ரூபாய் அபராதம்தான். ஒரு சேனலுக்கு இது எந்த மூலைக்கு என்று அந்த ஆண்டு உச்ச நீதிமன்றமே கேட்டது. ஆனாலும் வீடியோவை நீக்கச் சொல்லும் உத்தரவு வரலாம், கண்டனம் பதிவாகும். அதற்காகவாவது எழுதுங்கள்.

மாவட்ட ஆட்சியர் தலைமையில் ஒரு கண்காணிப்புக் குழு இருக்க வேண்டும் என்பதும் ஏட்டில் உண்டு. எனக்குத் தெரிந்த ஒருவர் அதைத் தேடிப் போனார். மக்கள் தொடர்பு அலுவலகத்தில் "கேபிள் தாசில்தாரைப் பாருங்கள்" என்றார்கள். அவர் "எனக்கு செட்டாப் பாக்ஸ் வேலைதான்" என்றார். மூன்று நாள் போனது, கெடுவும் போனது. உள்ளூர் கேபிள் சேனல் என்றால் மட்டும் அங்கே போங்கள், அதுவும் தபால் பிரிவில் மனு கொடுத்து முத்திரை வாங்கிக்கொண்டு.

வன்முறைக்கு நேரடித் தூண்டுதல் என்றால் காவல் நிலையம். வெறுப்புப் பேச்சுக்குப் புகார் வராவிட்டாலும் தாமாகவே வழக்குப் பதிய வேண்டும் என்று 2023 ஏப்ரலில் எல்லா மாநிலங்களுக்கும் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. நடைமுறையில் சி.எஸ்.ஆர். ரசீது (புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான அத்தாட்சி) வாங்குவதே பெரும்பாடு. தரவில்லை என்றால் எஸ்.பி.க்குப் பதிவுத் தபால்.

தேர்தல் நேரத்தில் தூர்தர்ஷனிலும் வானொலியிலும் கட்சிகளுக்குக் கிடைக்கும் இலவச நேரம் தனிக் கதை. 1998இலிருந்து நடக்கிறது. அங்கீகரிக்கப்பட்ட தேசிய, மாநிலக் கட்சிகளுக்கு மட்டும். கொள்கையைப் பார்த்து அல்ல, முந்தைய தேர்தலில் வாங்கிய வாக்கைப் பார்த்து நேரம் கூடும். பதிவு செய்துவிட்டோம், எங்களுக்கும் நேரம் உண்டு என்று வரும் சிறு கட்சிக்காரர்களே, பதிவு வேறு, அங்கீகாரம் வேறு. பேச்சின் எழுத்து வடிவத்தையும் முன்கூட்டியே கொடுக்க வேண்டும். 2024 தேர்தலில் மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் தலைவர் சீதாராம் யெச்சூரியின் உரையிலேயே சில சொற்களை மாற்றச் சொன்னார்கள். அரசு நிலையத்தில் இத்தனை கத்தரி, தனியார் விவாதத்தில் ஒன்றுமில்லை.

கடிதம் இப்படி இருந்தால் போதும்:

"சேனல் பெயர், நிகழ்ச்சி பெயர், தேதி. இரவு 9.22 முதல் 9.25 வரை விருந்தினர் பேசிய சொற்கள், அப்படியே. நெறியாளர் தடுக்கவில்லை, மறுக்கவும் இல்லை. இது 1994 கேபிள் டிவி விதி 6ஐ மீறுகிறது. அந்தப் பகுதியை நீக்கி, அதே நேரத்தில் வருத்தம் ஒளிபரப்ப வேண்டும். பதிவை அழிக்காமல் பாதுகாக்க வேண்டும்."

அனுப்பிய மின்னஞ்சலின் நகலை உங்கள் முகவரிக்கே ஒன்று போட்டு வையுங்கள்.