பிள்ளை கடகடன்னு படிக்குது, கதை கேட்டா சொல்லத் தெரியல

தென்னாப்பிரிக்காவுல டர்பன்ல ஸ்பீச் தெரபிஸ்ட்டா இருக்கேன், நம்ம ஆளுங்க நிறைய இருக்குற சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கத்துல இருந்துதான் நிறைய பிள்ளைங்க வருவாங்க. பெத்தவங்க உக்காந்ததும் சொல்றது, "நல்லாத்தான் படிக்குறான், டெஸ்ட்லதான் மார்க் வரல". சரின்னு ஒரு சின்ன பாரா குடுத்தா கடகடன்னு சத்தமா படிச்சிடுவான், முடிச்சதும் கதையில வர்ற பொண்ணு ஏன் அழுதான்னு கேட்டா என்னையே பாத்துக்கிட்டு இருப்பான். வாய் படிச்சிருச்சு, கதை உள்ள போகவே இல்ல.

பிர்ல்ஸ்னு பல நாடுகள்ல நடக்குற வாசிப்புத் தேர்வு இருக்கு. 2016ல நம்ம நாட்டு நாலாம் கிரேடு பிள்ளைங்கள்ல 78 சதவீதம் பேருக்கு படிச்சதோட அர்த்தம் பிடிபடல, 2021ல அது 81 ஆயிடுச்சு. கோவிட்ல ஸ்கூல் மூடினது ஒரு காரணம், ஆனா 78 அதுக்கு முன்னாடியே இருந்ததுதானே. நம்ம வீடுகள்ல இங்கிலீஷ்தான பேசுறோம், இது நம்ம பிரச்சினை இல்லன்னு நினைக்காதீங்க, என்கிட்ட வர்ற பிள்ளைங்க பெரும்பாலும் இங்கிலீஷ் மட்டுமே பேசுற வீட்டுப் பிள்ளைங்கதான்.

எக்ஸர்சைஸ் ஷீட் குடுப்பேன்னு எதிர்பாத்து வர்றவங்ககிட்ட நான் முதல்ல கேக்கறது, லைப்ரரி கார்டு இருக்கான்னு. புரிஞ்சு படிக்கணும்னா நிறைய பக்கம் படிச்சிருக்கணும், அதுவும் தானா எடுத்த புக்கா இருக்கணும். ஸ்கூல் புக்ல வர்ற துண்டு துண்டு பாரா அதுக்குப் பத்தாது. கடையில வாங்கலாம்னா புக்குக்கும் 15 சதவீதம் வாட் போடுறாங்க, எத்தனைதான் வாங்குவீங்க? லைப்ரரியில பிடிக்கலன்னா திருப்பிக் குடுத்துட்டு வேற எடுக்கலாம், காசு போச்சேன்னு யாரும் திட்டப் போறதில்ல. டைனோசரா, கிரிக்கெட்டா, காமிக்ஸா, எதை எடுத்தாலும் விடுங்க, அதே புக்க நாலு வாட்டி எடுத்தாலும் விடுங்க, திரும்பப் படிக்கும்போதுதான் முதல்ல தவறவிட்டது பிடிபடும். ஒரு பக்கத்துல தெரியாத வார்த்தை வர்றப்பல்லாம் ஒரு விரல மடக்கச் சொல்லுங்க, அஞ்சும் மடங்கிட்டா அந்த புக்க நீங்க படிச்சுக் காட்டுங்க.

லைப்ரரிக்குக் கூட்டிட்டுப் போறது பல வீட்ல ஆயாதான், அதாவது பாட்டி. அவங்க சில பேர் வாசல்லயே நின்னுக்கிறாங்க, அது எனக்கு ரொம்ப வருத்தமா இருக்கும். 1953ல வந்த சட்டம் பீச்சு, பஸ்ஸு, லைப்ரரி எல்லாத்தையும் இனம் பாத்துப் பிரிச்சு வச்சது, 1990லதான் அது போச்சு, அதுக்குள்ள அவங்க படிக்கிற வயசே முடிஞ்சு போச்சு. ஆயா, உள்ள வாங்க, பிள்ளை பக்கத்துல உக்காருங்க, இது உங்க இடமும்தான்.

எனக்கு இங்கிலீஷ் படிக்க வராதேம்மான்னு ஒரு ஆயா சொன்னாங்க. நீங்க படிக்க வேணாம் ஆயா, ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் உங்க பேரன, படிச்ச கதைய சொல்லச் சொல்லுங்க, தமிழும் இங்கிலீஷும் கலந்து எப்படி வேணா சொல்லட்டும், நடுவுல "அப்புறம் என்னாச்சு", "அவன் ஏன் அப்படி பண்ணான்"னு மட்டும் கேளுங்கன்னேன். திருப்பிச் சொல்லணும்னா யாரு, என்ன பண்ணாங்க, ஏன் பண்ணாங்கன்னு மனசுல கோத்துதான் ஆகணும், நான் ரூம்ல குடுக்குற பயிற்சியும் கிட்டத்தட்ட இதேதான். ஆனா என்கிட்ட வாரத்துக்கு ஒரு தடவைதான் வர்றான், ஆயாகூட தினமும் இருக்கான். சில மாசத்துல அந்தப் பையன், கதையில வர்ற ஒருத்தனப் பத்தி, "அவன் பொய் சொல்றான், ஆயாவுக்கே தெரிஞ்சு போச்சு"ன்னு என்கிட்ட வாதாடினான். அதுதாங்க புரிதல்.

ஒண்ணு மட்டும் கவனிங்க. புக்க கண்ணுக்குக் கிட்ட வச்சுப் படிச்சா, கூப்பிட்டா திரும்பலன்னா, முதல்ல கண்ணையும் காதையும் டெஸ்ட் பண்ணுங்க. ரெண்டாம் கிரேடு முடியுற வரைக்கும் சின்ன வார்த்தையக்கூட கூட்டிப் படிக்க வரலன்னா, போகப் போகச் சரியாயிடும்னு காத்திருக்காம டீச்சர்கிட்ட பேசி எங்கள மாதிரி ஒருத்தர்கிட்ட காட்டுங்க. லைப்ரரி கார்டு போட ஐடியும் அட்ரஸ் ப்ரூஃபும் எடுத்துக்கிட்டுப் போங்க, சனிக்கிழமை சீக்கிரம் மூடிடுவாங்க, அதனால காலையிலயே கிளம்பிடுங்க.