துக்க வீட்டில் மூன்றாவது மெழுகுதிரி

நவம்பர் கடைசி வாரம் வந்தால் என் அறைக்கு வருகிறவர்களின் பேச்சு மாறிவிடும். குமரிக் கடற்கரையில் மனநல ஆலோசகராக வேலை செய்கிறேன். வருகிறவர்களில் பெரும்பாலானோர் கத்தோலிக்கர்கள். "தூக்கம் இல்ல", "நெஞ்சு அடைக்கு" என்றுதான் தொடங்குவார்கள். கொஞ்ச நேரம் கழித்து உள்ளது வெளியே வரும்: "ஊரெல்லாம் ஸ்டார் கட்டியாச்சு. எனக்கு மட்டும் சந்தோசமே வரல. எனக்கு விசுவாசம் கொறஞ்சு போச்சோ என்னமோ."

அந்தக் கடைசி வரிக்காகத்தான் இதை எழுதுகிறேன். துக்கத்தில் இருப்பவர் தன் விசுவாசத்தையும் சந்தேகிக்கத் தொடங்கினால், அவர் தூக்குகிற சுமை இரண்டாகிறது.

2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் இந்தக் கடலைப் புரட்டிப் போட்டது. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடி என்று அடுத்தடுத்த ஊர்களிலிருந்து ஆழ்கடலுக்குப் போயிருந்த பலர் திரும்பவில்லை. டிசம்பர் 3 ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்மஸுக்கு முந்தின நான்கு ஞாயிறுகள் வரும் காத்திருப்புக் காலமான திருவருகைக்காலம் அன்றுதான் தொடங்கியது. அன்றைய நற்செய்தி மாற்கு 13: வீட்டுத் தலைவர் மாலையில் வருவாரோ, நள்ளிரவிலோ, சேவல் கூவும் நேரத்திலோ, காலையிலோ தெரியாது, விழிப்பாயிருங்கள். எங்கள் ஊர்களுக்கென்று யாரும் தேடி எடுத்த வாசகம் இல்லை அது. மூன்று ஆண்டுச் சுழற்சியில் முறைப்படி வந்தது. உலகின் பல நாடுகளிலும் அதே பகுதிதான் வாசிக்கப்பட்டது. ஆனால் ராத்திரி முழுக்கக் கடற்கரையில் நின்றுவிட்டு அப்படியே பூசைக்கு வந்தவர்களின் காதில் அது எப்படி விழுந்திருக்கும்!

இரண்டு வாரம் கழித்து, 17ஆம் தேதி, திருவருகைக்காலத்தின் மூன்றாம் ஞாயிறான மகிழ்ச்சி ஞாயிறு. வாரத்துக்கு ஒன்றாக ஏற்றும் நான்கு திரி வளையத்தில், ஊதாத் திரிகளுக்கு நடுவே ரோஜா நிற மெழுகுதிரி ஏற்றுகிற நாள். இரண்டாம் வாசகத்தில் திருத்தூதர் பவுல், எப்பொழுதும் மகிழ்ச்சியாக இருங்கள் என்கிறார்.

மகனைத் தேடிக்கொண்டிருந்த ஒரு தாய் (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்) பிறகு ஒருநாள் என்னிடம் சொன்னார்: "அத வாசிச்சதும் எழும்பி வெளிய வந்துட்டேன் மக்ளே. அவங்களுக்கு நாலு வாரம் காத்திருந்தா கிறிஸ்மஸ். எனக்கு எத்தன வாரம்?"

என்னிடம் பதில் இல்லை. இருப்பதுபோல் பேசவும் இல்லை.

அவர் வீட்டு அடுக்களைக் கதவுக்குத் தாழ்ப்பாள் போடுவதே இல்லை. கடலிலிருந்து எந்த நேரத்தில் வந்தாலும் மகன் அந்த வழியாகத்தான் நுழைவானாம். காற்றுக்கு அடித்துக்கொள்ளாமல் இருக்கக் கதவின் அடியில் அம்மிக்குழவியை வைத்திருந்தார். சொந்தக்காரர்கள் எல்லாம், கதவைச் சாத்தும், நடந்ததை ஏற்றுக்கொள்ளும் என்று வற்புறுத்தினார்கள். நான் அதைச் சொல்லவில்லை. உடலைப் பார்க்காத துக்கத்தைத் தெளிவற்ற இழப்பு என்போம். அமெரிக்க ஆய்வாளர் பாலின் பாஸ் இதைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார். முடித்துவைக்க முடியாத துக்கத்தை முடித்துக்கொள் என்று நெருக்குவது நோவைக் கூட்டும் என்பது அவர் சொல்வதன் சாரம். அவன் போய்விட்டிருக்கலாம், ஆனாலும் நான் அவனுக்குத் தாய்தான்: இந்த இரண்டையும் ஒரே மனதில் வைத்துக்கொண்டு வாழப் பழகுவதே வழி.

இதே பழக்கத்தைத் திருவருகைக்காலம் நமக்கு எப்போதோ சொல்லிக்கொடுத்துவிட்டது என்பது எனக்குத் தாமதமாகத்தான் உறைத்தது. ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்தில், பூசையில் வானவர் கீதம் என்ற புகழ்ச்சிப் பாடலும் கிடையாது, நற்செய்திக்கு முன் பாடும் அல்லேலூயாவும் கிடையாது. திருவருகைக்காலத்தில் ஞாயிறுகளில் வானவர் கீதம் இருக்காது, அல்லேலூயா இருக்கும். பாதி மௌனம், பாதிப் பாட்டு. ரோஜா நிறத் திரியைப் பாருங்கள். ஊதாத் திரிகளை அணைத்துவிட்டா அதை ஏற்றுகிறோம்? அவையும் எரியும்போதே இதுவும் எரிகிறது. அந்த ஞாயிறு வழிபாட்டின் தொடக்கத்தில் வரும் "மகிழுங்கள்" என்ற பிலிப்பியர் கடித வரியைப் பவுல் எழுதியது சிறையிலிருந்து. 2017இன் அதே பூசையில் முதல் வாசகம் எசாயா 61, உள்ளம் உடைந்தவர்களைக் குணப்படுத்த அனுப்பப்பட்டவரைப் பற்றியது. அந்தத் தாய் அதையும் கேட்டிருந்தார். ஆனால் மனதில் தைத்தது பவுலின் வரி மட்டுமே. அதில் அவர் குற்றம் எதுவும் இல்லை.

ஆன்மிக மகிழ்ச்சி என்று நான் புரிந்துகொண்டிருப்பது இதுதான்: கண்ணீர் நின்ற பிறகு வருவது அல்ல, கண்ணீரோடு பக்கத்தில் உட்காருவது. அதை வரவழைக்க முடியாது. வந்தால் உட்கார இடம் வைக்கலாம். வீட்டில் வளையம் செய்ய முடியாதவர்களிடம் ஒரே ஒரு திரி போதும் என்பேன். அதை ஏற்றி, திரும்பாதவரின் பெயரைச் சத்தமாகச் சொல்லி, ஐந்து நிமிடம் இருங்கள். செபம் வரவில்லையென்றால் பெயரே செபம்.

பங்கு மக்களிடமும் அன்பியம் என்ற அக்கம்பக்கச் செபக் குழுவினரிடமும் ஒரு வேண்டுகோள். துக்க வீட்டில் அந்த வருஷம் பண்டிகை கிடையாது என்பது நம் வழக்கம், அதை மதிக்கத்தான் வேண்டும். ஆனால் வீடு வீடாகப் பாடிவரும் கேரல் குழு அந்த வீட்டு வாசலில் மட்டும் கொட்டுமேளத்தை நிறுத்தி, தலைகுனிந்து கடந்து போகிறதே, உள்ளே இருப்பவருக்கு அது எப்படி இருக்கும் தெரியுமா? "எங்க வீட்டுக்குப் பாலன் இயேசு வரமாட்டாரோ" என்று ஒருவர் என்னிடம் கேட்டிருக்கிறார். முந்தின நாளே போய்க் கேளுங்கள்: நாங்க வரட்டுமா, பாடவா, சும்மா இருந்துட்டுப் போகவா? வேண்டாம் என்றால் வேண்டாம். "ஆண்டவர் சித்தம்", "கிறிஸ்மஸும் அதுவுமா அழக்கூடாது" என்ற இரண்டையும் தயவுசெய்து சொல்லாதீர்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் சாப்பாடும் கெட்டு, எதிலும் பிடிப்பில்லாமல், குளிக்கவும் எழ முடியாமல் ஒருவர் கிடந்தால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். அதற்குச் செபமும் வேண்டும், டாக்டரும் வேண்டும். செத்துப்போகலாம் என்று தோன்றுகிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது, பேச வழி கிடைக்கும். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் இரவு பகல் எந்த நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.

அந்தத் தாய் இரண்டு கிறிஸ்மஸ் அடுப்பில் எண்ணெய்ச் சட்டி வைக்கவில்லை. மூன்றாவது வருஷம், மகிழ்ச்சி ஞாயிறு பூசை முடிந்து நான் அந்த வழியாகப் போனபோது உள்ளே சிறுபயறு வறுக்கிற வாசம். முந்திரிக்கொத்து. பேரப்பிள்ளை கேட்டுவிட்டதாம். உருண்டை பிடிக்கும்போதும் கண் நிறைந்துதான் இருந்தது. முதல் ஈடு சட்டியிலிருந்து எடுத்ததும் ஒரு கொத்தை வாழையிலைத் துண்டில் வைத்து, அடுக்களைக் கதவுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தார். கதவு திறந்துதான் இருந்தது. அடுத்த கொத்தை என் கையில் தந்து, "சூடு, பாத்துத் தின்னு மக்ளே" என்றார்.