ஒவ்வுமை என்று ஒரு சொல் இருக்க…

போன மாதம் சித்தியை அண்ணா நகரில் ஒரு பல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயிருந்தேன். ஈறு நோயில் தாடை எலும்பு அரித்துப் போயிருந்தது. பள்ளத்தில் கல்லுப்பு மாதிரி ஒரு தூளை வைத்து நிரப்ப வேண்டும். கையெழுத்துக்கு நீட்டிய தாளில் இப்படி இருந்தது: “உயிரி இணக்கத்தன்மை சோதிக்கப்பட்ட, உயிரி செயலில் உள்ள கண்ணாடி மட்பாண்டப் பொருள்.”

சித்தி இரண்டு தடவை படித்தார். “என்னடா, வாயில பானையா வைக்கப் போறாங்க?”

“உங்க எலும்புக்கு ஒத்துக்குமான்னு சோதிச்ச தூள், சித்தி.”

“அதை எழுத வேண்டியதுதானே?”

தாளில் ‘உயிரி இணக்கத்தன்மை’ என்று பெயர்த்திருப்பது ‘பயோகம்பாட்டிபிலிட்டி’ என்ற ஆங்கிலச் சொல்லை. அதில் முன்பாதி கிரேக்கம்: பயாஸ், வாழ்வு. பின்பாதி இலத்தீன்: கூடச் சேர்ந்து தாங்கிக்கொள்வது. வேர் அவ்வளவுதான்.

இனி ‘உயிரி இணக்கத்தன்மை’. உயிரி என்றால் உயிருள்ள ஒன்று: புழு, பாக்டீரியா, நான், நீங்கள். ‘பயோ’ வரும் இடமெல்லாம் அதை ஒட்டவைப்பது கைப்பழக்கமாகிவிட்டது. இணக்கம் என்பது மனிதர்களுக்குள் வருவது. சண்டை போட்ட பங்காளிகள் இணங்கிப் போவார்கள். சரி, கணினிக்காரர்கள் அதை மென்பொருளுக்கும் இழுத்துவிட்டார்கள், போகட்டும். ஆனால் ‘தன்மை’ எதற்கு? இணக்கமே பெயர்ச்சொல்தான். அதன் தலையில் இன்னொரு தொப்பி.

என் கோபம் அந்தத் தொப்பிமேல்தான். ‘தன்மை’ என்றதும் அது பொருளுக்குள்ளேயே இருக்கும் குணம் போல ஆகிவிடுகிறது. உடம்புக்குள் வைக்கும் பொருள்களை ஆராய்ந்த டேவிட் வில்லியம்ஸின், 1987-இல் வெளியான வரையறை அப்படிச் சொல்லவில்லை: குறிப்பிட்ட ஒரு பயன்பாட்டில், உடம்பு தகுந்த விதத்தில் எதிர்வினை காட்ட, பொருள் தன் வேலையைச் செய்யும் திறன் அது. எலும்புக்குச் சரியானது ரத்தத்துக்குச் சரிப்படாமல் போகலாம். இதைச் சொல்ல நம்மிடம் ஒரு வினை சும்மா கிடக்கிறது: ஒவ்வுதல். ‘கத்திரிக்காய் எனக்கு ஒவ்வாது’ என்போம். அந்த ‘எனக்கு’ இல்லாமல் வாக்கியம் நிற்காது. யாருக்கு, எதற்கு என்று நான்காம் வேற்றுமை கேட்டுக்கொண்டே இருக்கும். அலர்ஜிக்கு ‘ஒவ்வாமை’ ஊரெல்லாம் பரவிவிட்டது; அதன் நேர்மறையான ஒவ்வுமைக்கு மட்டும் ஏன் கூச்சம்? ‘ஒப்புமை’ என்று காதில் விழும் என்பார்கள். விழும்தான். ‘உடல் ஒவ்வுமை’, ‘எலும்பு ஒவ்வுமை’ என்று சேர்த்துச் சொன்னால் தீர்ந்தது.

சோதனைக் கூடத்திலும் கேள்வி அதுதான். தூளைச் செல் வளர்க்கும் திரவத்தில் ஊறவைத்து, அந்தச் சாற்றைச் செல்கள்மேல் விடுவார்கள். பிறகு மஞ்சள் சாயம். உயிரோடிருக்கும் செல் அதை ஊதாவாக்கும். உயிரோடிருப்பவை 70 விழுக்காட்டுக்குக் கீழே போனால் நச்சுக்கு வாய்ப்புண்டு என்கிறது இதற்கான உலகத் தரவிதி, ஐஎஸ்ஓ 10993-இன் 5-ஆம் பகுதி. வேடிக்கை என்னவென்றால், இந்தக் கண்ணாடித் தூளிலிருந்து சோடியம் கசிந்து, சுற்றியுள்ள திரவத்தில் காரம் (அமிலத்துக்கு எதிரானது) ஏறும். தேங்கிய கிண்ணத்தில் செல்கள் தவித்துப்போகும். நீர் ஓடிக்கொண்டிருக்கும் உடம்பில் அதே தூள் தன் பாட்டுக்கு இருக்கும். எங்கே ஒவ்வும் என்று கேட்காமல் ‘தன்மை’ என்று முத்திரை குத்தினால் எப்படி?

‘பயோஆக்டிவ்’ என்பதற்குத் தாளில் இருந்த ‘உயிரி செயலில் உள்ள’ மொழிபெயர்ப்பு இயந்திரம் துப்பியது. செயலில் உள்ள எரிமலையா இது? 1969-இல் புளோரிடாவில் லாரி ஹெஞ்ச் என்ற ஆய்வாளர் உருக்கிய இவ்வகைக் கண்ணாடியில் எடைக்கு 45 விழுக்காடு சிலிக்கா. மிச்சம் சோடியம், கால்சியம், பாஸ்பரஸ் ஆக்சைடுகள். உடல்நீர் பட்டால் அதன்மேல் எலும்புத் தாது போலவே ஓர் ஏடு படிந்து, எலும்போடு பிடித்துக்கொள்ளும். ஒத்துக்கொள்வதோடு நிற்காமல் ஒட்டிக்கொள்கிறது. ‘எலும்பொட்டும் கண்ணாடி’ என்றால் சித்திக்கும் புரியும்.

கண்ணாடியை அளவாகச் சுட்டு உள்ளே படிகம் வளர்த்தால் கண்ணாடிப் பீங்கான். ஆங்கிலத்தில் ‘கிளாஸ் செராமிக்’. பீங்கான் பாரசீகச் சொல் என்று மொழிபெயர்ப்பவர்கள் மட்பாண்டத்துக்கு ஓடுகிறார்கள். வீட்டில் இவர்கள் ஊறுகாய் போட்டுவைப்பது எந்த ஜாடியில் என்று கேட்கத் தோன்றுகிறது.

தாளின் ஓரத்தில் ‘தாடை எலும்புக்கு ஒவ்வுமா என்று சோதித்த கண்ணாடிப் பீங்கான் தூள்’ என்று பேனாவால் எழுதிக் கொடுத்தேன். வரவேற்பில் இருந்த பெண், “சார், ஃபார்ம்ல கிறுக்கக் கூடாது” என்று புதுத் தாள் எடுத்துக் கொடுத்தார். அதிலும் பானைதான்.