பூனைக்காலி விதை மூளைக்குள் போகும் வழி

பூனைக்காலிக் காயைத் தெரியாமல் தொட்டவர்கள் அதை மறக்க மாட்டார்கள். பார்க்க வெல்வெட் மாதிரி இருக்கும் சுணை, தோலில் பட்டதும் அரிப்பு பிடுங்கி எடுத்துவிடும். அந்தக் காய்க்குள் இருக்கும் விதையில்தான் லெவோடோபா இருக்கிறது. பார்க்கின்சன் நோய்க்கு இன்றைக்கும் முதன்மையான மருந்து அதுதான். 1937-இலேயே இந்த விதையிலிருந்து அதைப் பிரித்தெடுத்துவிட்டார்கள்.

பார்க்கின்சனில், நடுமூளையில், உடல் அசைவுகளுக்கு உதவும் டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் செல்கள் கொஞ்சம் கொஞ்சமாக அழிகின்றன. கை நடுங்குகிறது, நடை தளர்கிறது. சரி, குறைவது டோபமைன் என்றால் அதையே கொடுத்துவிட்டால் என்ன? அங்கேதான் சிக்கல். மூளையின் ரத்தக்குழாய்ச் சுவரில் செல்கள் இடுக்கே இல்லாமல் நெருங்கி ஒட்டியிருக்கின்றன. டோபமைனால் அதைத் தாண்ட முடியாது. லெவோடோபா தாண்டும், ஏனென்றால் அது ஓர் அமினோ அமிலம். உணவிலிருந்து வரும் அமினோ அமிலங்களை மூளைக்குள் ஏற்றிவிடும் கடத்திப் புரதம் ஒன்று அந்தச் சுவரில் இருக்கிறது. அது லெவோடோபாவையும் ஏற்றிக்கொள்கிறது. உள்ளே போனதும் ஒரு நொதி அதை டோபமைனாக மாற்றுகிறது.

புரதம் நிறைந்த சாப்பாட்டோடு மாத்திரையைப் போட்டால் சிலருக்கு வேலை செய்யாமல் போவதும் இதனால்தான். ஒரே வண்டிக்கு அத்தனை பேரும் முண்டியடிக்கிறார்கள்.

அந்த நொதி மூளைக்கு வெளியேயும் இருக்கிறது. லெவோடோபாவின் பெரும்பகுதி வழியிலேயே டோபமைனாகிவிடும், குமட்டல்தான் மிச்சம். அதைத் தடுக்கத்தான் மாத்திரையில் கார்பிடோபாவைச் சேர்க்கிறார்கள். வெறும் விதைப்பொடியில் அது கிடையாது. போதாததற்கு, லெவோடோபாவின் அளவும் விதைக்கு விதை மாறும். ஏற்கெனவே மாத்திரை எடுப்பவர், மருத்துவரிடம் சொல்லாமல் பொடியையும் சேர்ப்பது ஆபத்தான விளையாட்டு.

இத்தனைக்கும் லெவோடோபா, செல்கள் அழிவதை நிறுத்துவதில்லை. ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுகிற கதைதான், ஆனால் பல வருடங்களுக்கு நன்றாகவே ஊற்றுகிறது. பனித்துளிப் பூச்செடியில் கண்டெடுத்த காலன்டமைனும் இதே ரகம். நினைவுக்கு உதவும் மூளை வேதிப்பொருளான அசிடைல்கோலினைச் சிதைக்கும் நொதியைத் தடுத்து, அல்சைமர் நோயாளிகளுக்குச் சற்று நினைவுத் தெளிவு தருகிறது.

மறதிநோய் வராமலே தடுக்க முடியுமா என்பது வேறு கேள்வி. நினைவாற்றலுக்கு என்று உலகெங்கும் விற்கும் ஜின்கோ இலைச்சாற்றை வைத்து அமெரிக்காவில் அதைச் சோதித்தார்கள். 75 வயதும் அதற்கு மேலும் ஆன 3,069 பேர், சுமார் 6 வருடம், தினமும் இரண்டு வேளை. பாதிப் பேருக்கு ஜின்கோ, மற்றவர்களுக்கு மருந்தே இல்லாத போலி மாத்திரை. 2008-இல் முடிவு வந்தது: ஜின்கோ சாப்பிட்டவர்களுக்கு மறதிநோய் வருவது குறையவே இல்லை.