டிவியில் தெரியும் ஆறு இலக்கம்: ஒரு புளூடூத் கீபோர்டு வீட்டுக்குள் வந்த கதை

கோலாலம்பூர் செந்தூலில் எங்கள் அடுக்குமாடி வீட்டு ஹாலில் டிவிக்குப் பின்னால் ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கணினி ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதில் ஓடுவது கோடி என்ற மென்பொருள். படம், பாட்டு, பழைய கல்யாண வீடியோ எல்லாம் அதில்தான். ரிமோட்டில் ஒவ்வோர் எழுத்தாக நகர்த்தி ஒரு படத்தின் பெயரைத் தேடி முடிப்பதற்குள் தட்டில் சோறு ஆறிவிடும். அதனால் லோ யாட் பிளாசாவுக்குப் போய் ஒரு சின்ன புளூடூத் கீபோர்டு வாங்கி வந்தேன். "பேர் பண்ணப் போறேன்மா" என்றதும் அம்மா திரும்பிப் பார்த்தார். "கீபோர்டுக்கு எதுக்குடா பேரு?"

நான் சொன்னது ஜோடி சேர்ப்பதை. ஆனால் புளூடூத்துக்குப் பேர் வைத்த கதையும் ஒன்று உண்டு. பத்தாம் நூற்றாண்டில் டென்மார்க்கை ஆண்ட ஹரால்ட் என்ற அரசருக்கு நீலப்பல் என்று பட்டப்பெயர். சிதறிக் கிடந்தவர்களை ஒன்று சேர்த்தவர் அவர் என்பதால், கருவிகளை ஒன்று சேர்க்கும் திட்டத்துக்குத் தற்காலிகமாக இந்தப் பெயர் இருக்கட்டும் என்று 1990களில் இன்டெல் பொறியாளர் ஜிம் கார்டாக் சொன்னார். தற்காலிகப் பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. அந்த நீலச் சின்னம்கூட அரசர் ஹரால்டின் பெயர், பட்டப்பெயர் இரண்டின் முதலெழுத்துகளையும் பழைய ரூன் எழுத்து வடிவில் சேர்த்து எழுதியதுதான்.

சரி, விஷயத்துக்கு வருவோம். கீபோர்டில் இணைப்புப் பொத்தானை அழுத்திப் பிடித்தேன், விளக்கு வேகமாகச் சிமிட்டியது, டிவியில் அதன் பெயர் வந்தது, தேர்ந்தெடுத்ததும் திரையில் ஆறு இலக்க எண் ஒன்று தெரிந்தது. தம்பி உடனே பழைய ஒயர் கீபோர்டை எடுத்து அந்த எண்ணைத் தட்டினான். ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாம் முறை நான் புதிய கீபோர்டிலேயே தட்டினேன், எண்டரை அழுத்த மறந்தேன், நேரம் முடிந்து மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தோம். எண்ணைத் தட்ட வேண்டியது இணையப்போகும் கீபோர்டில். தட்டி முடித்ததும் எண்டர். இதை எங்காவது ஒரு வரி எழுதிப் போட்டிருந்தால் அரைமணி நேரம் மிச்சமாகியிருக்கும்.

ஸ்பீக்கரை இணைக்கும்போது இப்படி எதுவும் கேட்பதில்லையே, கீபோர்டுக்கு மட்டும் ஏன்? ஸ்பீக்கரில் எண்ணைக் காட்டத் திரையும் இல்லை, தட்ட விசையும் இல்லை, அதனால் கேட்டும் பயனில்லை. கீபோர்டில் விசை இருக்கிறது. அதைவிட முக்கியம், யாரோ ஒருவன் உங்கள் ஸ்பீக்கரில் பாட்டுப் போட்டால் எரிச்சல்தான், கீபோர்டாக நுழைந்துவிட்டால் கணினியே அவன் கையில். கடவுச்சொல்லை நாம் தட்டுவதும் அதில்தானே.

அந்த ஆறு இலக்கம்தான் ரகசியச் சாவி என்று பலரும் நினைக்கிறார்கள். இல்லை. 2007இல் வந்த புளூடூத் 2.1க்கு முன்னால் கிட்டத்தட்ட அப்படித்தான் இருந்தது: நீங்கள் போடும் 0000 போன்ற எண்ணிலிருந்தே சாவி பிறந்தது. இணையும் நேரத்தில் ஒட்டுக்கேட்பவன் பிறகு உட்கார்ந்து எல்லா எண்களையும் போட்டுப் பார்த்துக் கண்டுபிடித்துவிடலாம். நாலு இலக்க எண்ணை ஒரு சாதாரணக் கணினி ஒரு நொடிக்குள் உடைத்துவிடும் என்று 2005இலேயே செய்து காட்டிவிட்டார்கள்.

இப்போது நடப்பது வேறு. இரண்டு வீட்டார் ஒரே பொது மசாலாவை எடுத்துக்கொள்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கொரு ரகசியப் பொருளை அதில் சேர்த்து அரைத்து, அரைத்ததை மாற்றிக்கொள்கிறார்கள். வந்ததில் மறுபடியும் தன் ரகசியப் பொருளைச் சேர்த்து அரைத்தால் இரண்டு வீட்டிலும் கடைசியில் ஒரே மசாலா. நடுவில் எட்டிப் பார்த்தவனுக்குப் பொது மசாலாவும் தெரியும், கைமாறிய இரண்டு பொட்டலங்களும் தெரியும், ஆனால் அரைத்ததைப் பிரித்தெடுக்க வழியில்லை. இது டிஃபி, ஹெல்மன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1976இல் வெளியிட்ட யோசனை. கீபோர்டும் கணினியும் அம்மியில் அரைக்காமல் நீள்வளைவு என்ற கணிதத்தில் அரைக்கின்றன.

இதில் ஓர் ஓட்டை மிச்சம் இருக்கிறது. பொட்டலத்தை மாற்றிக்கொள்ளும் ஆள் நிஜமாகவே எதிர்வீட்டுக்காரர்தானா, நடுவில் நின்று இரண்டு பக்கமும் நடிக்கும் மூன்றாமவனா? ஆறு இலக்கம் அதற்குத்தான். திரையில் தெரிந்த எண் காற்றில் போவதே இல்லை, உங்கள் கண் வழியாகவும் விரல் வழியாகவும்தான் கீபோர்டுக்குப் போகிறது. அந்த எண்ணை 20 பிட்டாக, அதாவது 0 அல்லது 1 என்ற துண்டுகளாக, உடைத்து 20 சுற்றாக இரண்டு கருவிகளும் ஒன்றையொன்று சோதித்துக்கொள்கின்றன. ஒவ்வொரு சுற்றிலும் முதலில் பதிலை மூடிக் கொடுத்து, அப்புறம்தான் திறந்து காட்ட வேண்டும். நடுவில் நிற்பவன் 20 முறையும் சரியாக ஊகித்தால்தான் தப்பிப்பான். ஒரு முறை பிசகினால் இணைப்பே ரத்து.

இவ்வளவும் முடிந்தால் 128 பிட் நீளச் சாவி ஒன்று இரண்டு பக்கமும் சேமிக்கப்படும். அதற்குப் பிறகு எண் கேட்பதில்லை. ஆனாலும் மறுநாள் காலையில் எங்கள் கீபோர்டு வேலை செய்யவில்லை. ராஸ்பெர்ரி பையை இயக்கும் லினக்ஸில் பேர், டிரஸ்ட், கனெக்ட் மூன்றும் தனித்தனி வேலை என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. பேர் என்றால் சாவி உண்டாக்குவது. கனெக்ட் என்றால் இந்த நிமிடம் பேசுவது. டிரஸ்ட் என்றால், இந்த ஆள் வந்தால் என்னைக் கேட்காமல் உள்ளே விடு என்று வாசலில் சொல்லிவைப்பது. மின்கலத்தை மிச்சப்படுத்த கீபோர்டு சிறிது நேரத்தில் தூங்கிவிடும். விழித்ததும் கணினியைத் தேடிக் கூப்பிடுவது கீபோர்டுதான். டிரஸ்ட் கொடுக்காமல் விட்டிருந்தால் இவனை விடலாமா என்று கணினி கேட்கும், பதில் சொல்ல ஆள் இல்லை, கதவு திறக்காது. தூங்கி எழுந்த கீபோர்டில் முதல் எழுத்து விழாமல் போவதும் இந்தக் கூப்பிடும் நேரத்தில்தான், கீபோர்டு பழுது என்று கடைக்கு ஓடாதீர்கள்.

அடுத்த தொல்லை இன்னும் விநோதம். ஒரே ஒரு தடவை தட்டினால் திரையில் அதே எழுத்து பத்துப் பன்னிரண்டு விழுந்தது. கீபோர்டு எழுத்தையே அனுப்புவதில்லை. எந்த இடத்து விசை அழுத்தப்பட்டிருக்கிறது என்று எண்ணாகத்தான் சொல்கிறது. ஆங்கில ஏ இருக்கும் விசைக்கு 4, எண்டருக்கு 40. எட்டு பைட் கொண்ட ஒரு சீட்டு: ஷிஃப்ட் போன்றவற்றுக்கு ஒன்று, ஒன்று காலி, மிச்சம் ஆறில் இப்போது அழுந்தியிருக்கும் விசைகள். அதனால்தான் தமிழ் எழுத்து அச்சிடாத கீபோர்டிலும் தமிழ் வருகிறது. ஆங்கில எச் விசைக்குரிய 11 என்ற எண் போனால் தமிழ்99 என்ற தட்டச்சு முறையில் அது க. நம் ஊர் முத்து நெடுமாறனின் முரசு மென்பொருள் வழி வந்த அஞ்சல் முறையில் அதே க வேண்டுமென்றால் கே விசையின் 14, பிறகு ஏ விசையின் 4. கீபோர்டுக்கு இதெல்லாம் தெரியவே தெரியாது.

விரலை எடுத்ததும் 'இப்போது எதுவும் அழுந்தவில்லை' என்று இன்னொரு சீட்டு போக வேண்டும். அது வந்து சேரத் தாமதமானால், விசை இன்னும் அழுந்தியே இருக்கிறது என்று கணினி நம்பி எழுத்தைத் திரும்பத் திரும்பப் போடும். எங்கள் வீட்டில் தாமதமானது இந்த இரண்டாவது சீட்டுதான்.

முதலில் பக்கத்து வீட்டு வை-ஃபைகளைச் சந்தேகப்பட்டேன். ஹாலில் நின்று போனில் எண்ணினால் 23 பெயர்கள். வை-ஃபையும் புளூடூத்தும் மைக்ரோவேவ் அடுப்பும் புழங்குவது ஒரே 2.4 கிகாஹெர்ட்ஸ் தெருவில்தான். சாதாரண புளூடூத் அந்தத் தெருவை 79 தடங்களாகப் பிரித்து நொடிக்கு 1600 முறை தடம் மாறித் தாவும். ஒரு வை-ஃபை ஏறக்குறைய 20 தடங்களை அடைத்துக்கொள்ளும். மூன்று வை-ஃபைகள் தள்ளித் தள்ளி நின்றால் நான்கில் ஒரு பங்குத் தடம்தான் மிச்சம். ஆனால் 2003இல் வந்த 1.2 பதிப்பு முதல், நெரிசலான தடங்களைக் குறித்துவைத்துக்கொண்டு அவற்றை விட்டுத் தாவும் புத்தி அதற்கு உண்டு. 23 பெயர்களுக்கெல்லாம் அது அசருவதாகத் தெரியவில்லை.

குற்றவாளி ஒரு சாண் தூரத்தில் இருந்தது. படங்கள் இருக்கும் ஹார்ட் டிஸ்க்கை ராஸ்பெர்ரி பையின் நீல யுஎஸ்பி 3 துளையில் செருகியிருந்தேன். யுஎஸ்பி 3 கேபிளில் ஓடும் 5 கிகாபிட் வேகச் சமிக்ஞையின் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியிலும் கசியும் என்று இன்டெல்லே 2012இல் ஓர் அறிக்கை எழுதியிருக்கிறது. பக்கத்து வீட்டு வை-ஃபை ஒரு தடத்தில் பேசினால் தாண்டிப் போகலாம், இந்த இரைச்சல் தெரு முழுக்கப் பரவுகிறது, தாவி ஒதுங்க இடமில்லை. படம் ஓடும்போது மட்டும் எழுத்து குழம்பியது ஏன் என்பதற்கும் விடை கிடைத்தது: டிஸ்க்கிலிருந்து தரவு ஓடும்போதுதான் இரைச்சல். போதாக்குறைக்கு எங்கள் ராஸ்பெர்ரி பைக்கும் சோபாவுக்கும் நடுவில் டிவியின் உலோக முதுகு வேறு.

டிஸ்க்கைக் கருப்பு யுஎஸ்பி 2 துளைக்கு மாற்றினேன். அதன் 480 மெகாபிட் வேகம் வீட்டில் படம் பார்க்கத் தாராளம். ராஸ்பெர்ரி பையை டிவியின் கீழ் விளிம்புக்கு இறக்கினேன். எழுத்து குழம்புவது அன்றோடு நின்றது.

ஒரு வேலை பாக்கி இருந்தது. 2023 டிசம்பரில் ஓர் ஓட்டை வெளியானது: கணினி மற்றவர்கள் கண்ணுக்குத் தெரியும் நிலையில் இருந்தால், சரியாக ஜோடி சேராமலேயே கீபோர்டு வேஷத்தில் ஒருவன் நுழைந்து விசை தட்டலாம். லினக்ஸின் புளூடூத் மென்பொருளிலும் அது இருந்தது, அடைத்தும்விட்டார்கள். மென்பொருளைப் புதுப்பித்தேன், தெரியும் நிலையையும் அணைத்தேன்.

போன வாரம் தம்பி மெமரி கார்டை மாற்றி எல்லாவற்றையும் புதிதாக ஏற்றினான். சாவி பழைய கார்டோடு போய்விட்டது. கீபோர்டுக்குக் கணினியைத் தெரியும், கணினிக்குக் கீபோர்டைத் தெரியாது. பொத்தானை அழுத்திப் பிடித்து, விளக்கு சிமிட்டி, ஆறு இலக்கம் திரையில் வந்தது. அம்மாவே வாங்கித் தட்டினார். எண்டரையும் மறக்கவில்லை.