இழுத்த மீட்டரெல்லாம் கார்டுக்குள் ஏறும் விதம்

படகுத் துடுப்பு வலிப்பதுபோல உட்கார்ந்து இழுக்கும் உடற்பயிற்சிக் கருவியான ரோயிங் மெஷினில் எட்டு நிமிடம் மூச்சிரைக்க இழுத்துவிட்டு இறங்குகிறவர், அதன் திரையான மானிட்டரின் பிளவிலிருந்து ஒரு கார்டை உருவிப் பையில் போட்டுக்கொண்டு போவதைப் பார்த்திருக்கிறேன். ஏடிஎம் கார்டு அளவுதான்: 85.6 மி.மீ. நீளம், 54 மி.மீ. அகலம். ஓரத்தில் பொன்னிறத்தில் ஒரு சில்லு. அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் இருக்கும் கான்செப்ட்2 நிறுவனம் தன் பிஎம்3, பிஎம்4 மானிட்டர்களுக்காகக் கொண்டுவந்த ‘லாக்கார்டு’ அது. எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம் இழுத்தோம் என்பதை அது சேமித்து வைக்கும்.

கார்டில் இருக்கும் எண்களை ஏன் நம்பலாம் என்று தெரிய, முதலில் சக்கரத்தைப் பார்க்க வேண்டும். கைப்பிடியை இழுத்தால், விசிறி இறக்கைகள் வைத்த ஒரு சக்கரத்தைச் சங்கிலி சுழற்றுகிறது. சக்கரத்தோடு காந்தங்களும் சுற்றுகின்றன. அவை கடக்கும்போதெல்லாம் பக்கத்தில் இருக்கும் கம்பிச்சுருளில் சிறு மின்துடிப்பு உண்டாகும். துடிப்புக்கும் துடிப்புக்கும் நடுவே எவ்வளவு நேரம்? மானிட்டருக்குச் சக்கரத்திடமிருந்து கிடைக்கும் சேதி அவ்வளவுதான்.

எனக்கு மிகப் பிடித்த இடம் இனிமேல்தான் வருகிறது. ஒரு இழுப்பை முடித்து, அடுத்ததற்காக இருக்கையோடு முன்னே சறுக்கிப் போகிறோமே, அந்த ஓரிரு விநாடியில் சக்கரத்தை யாரும் இழுப்பதில்லை. காற்றுதான் அதைத் தடுத்துக்கொண்டிருக்கும். அப்போது வேகம் எப்படிக் குறைகிறது என்பதை வைத்தே காற்றுத்தடை எவ்வளவு என்று மானிட்டர் கணக்கிட்டுவிடுகிறது. ஒவ்வொரு இழுப்புக்கும் புதிதாக! காற்று நுழையும் வலையில் தூசி அடைத்திருக்கலாம், உள்ளே வரும் காற்றைக் கூட்டிக் குறைக்கும் பக்கத்து நெம்புகோலை 1இல் வைத்திருக்கலாம், 10இல் வைத்திருக்கலாம், மலையூரில் காற்றே மெலிந்திருக்கலாம். எல்லாம் கணக்கில் வந்துவிடும். ஒரு ஊரில் இழுத்த 2000 மீட்டரை இன்னொரு ஊரில் இழுத்ததோடு ஒப்பிட முடிவது இதனால்தான்.

காற்றுத்தடையும் சக்கரத்தின் வேக மாற்றமும் தெரிந்தால் இழுத்தவரின் திறன் வாட் கணக்கில் தெரிந்துவிடும். அதைப் படகு வேகமாக மாற்ற ஒரு சூத்திரம்: மீட்டருக்கு எத்தனை விநாடி என்ற எண்ணை மூன்று முறை எழுதி ஒன்றோடொன்று பெருக்கி, வரும் விடையால் 2.80ஐ வகுத்தால் வாட். 500 மீட்டருக்கு 2 நிமிடம் என்றால் மீட்டருக்கு 0.24 விநாடி, சுமார் 202 வாட் வரும். அதே வேகத்தில் போனால் 2000 மீட்டருக்கு 8 நிமிடம். தேதி, தூரம், நேரம் என்று கார்டில் ஏறுவது இப்படிக் கணக்குப் போட்டு முடித்த எண்கள்தான்.

கார்டுக்குள் பேட்டரி கிடையாது. அந்தப் பொன்னிறச் சில்லை உற்றுப் பாருங்கள். மெல்லிய கோடுகள் அதைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்திருக்கும். ஒரு கட்டம் வழியாக மின்சாரம் உள்ளே வரும், இன்னொன்று வழியாகத் திரும்பும். கடிகாரத் துடிப்புக்கு ஒன்று. தகவலுக்கு ஒன்றே ஒன்று; போவதும் அதில்தான், வருவதும் அதில்தான். ஒற்றையடிப் பாதையில் ஆள் மாற்றி ஆள் வழிவிட்டு நடப்பதுபோல, மானிட்டர் பேசும்போது கார்டு கேட்கும், கார்டு பேசும்போது மானிட்டர் கேட்கும்.

இப்படிப்பட்ட சில்லின் ஒவ்வொரு நினைவுக் கலத்திலும், சுற்றிலும் மின்கடத்தாச் சுவர் சூழ்ந்த ஒரு குட்டித் தீவு உண்டு. எழுதும்போது எலக்ட்ரான்கள் அந்த மெல்லிய சுவரை ஊடுருவி உள்ளே போய் மாட்டிக்கொள்கின்றன. மின்சாரம் நின்றாலும் அங்கேயே இருக்கும். அவை இருக்கின்றனவா, இல்லையா என்பதுதான் 0, 1 என்று படிக்கப்படுகிறது.

வீட்டுக் கணினியில் படிக்க யுஎஸ்பி ஸ்மார்ட் கார்டு ரீடர் வேண்டும். நண்பர் ஒருவர் கேமரா கார்டுக்கான ரீடரை வாங்கி வந்துவிட்டு, கார்டை எங்கே செருகுவது என்று தேடிக்கொண்டிருந்தார். அது எஸ்டி கார்டுக்கானது. இந்தக் கார்டு அதில் நுழையவே நுழையாது. ரீடர் கிடைக்காவிட்டாலும் பாதகமில்லை. மானிட்டரையே யுஎஸ்பி கேபிளால் கணினியோடு இணைத்து, நிறுவனத்தின் மென்பொருளைத் திறந்தால், மானிட்டரே ரீடர் வேலையைப் பார்க்கும்.

2014இல் வந்த பிஎம்5 மானிட்டரில் கார்டின் இடத்தைப் பென் டிரைவ் பிடித்துக்கொண்டது. பழைய மானிட்டர் வைத்திருப்பவர்களுக்கு இன்னும் கார்டுதான். திடீரென்று ஒருநாள் அது படிக்காமல் போனால், கெட்டுவிட்டது என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். வியர்வைக் கையால் தொட்டுத் தொட்டுச் சில்லின் மேல் உப்பும் அழுக்கும் படிந்திருக்கலாம். உலர்ந்த மெல்லிய துணியால் துடைத்துவிட்டு இன்னொரு முறை செருகிப் பாருங்கள்.